இறங்குவதற்கும் ஒரு பாஸ்

கேத்தி ஸ்டுக்கி, பயண பாஸ் துண்டறிக்கைகளை மேசைமேல் பரப்புவதைப் பார்த்தாலே, கறிக்கடைப் புத்தி எங்கும் போகாது என்று தெரிந்துவிடும். ரயில் பாஸ், படகு பாஸ், ரோப் கார் சேர்ந்தது, சேராதது என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல கொழுப்பு ஜாஸ்தி," என்று ஓரம் தள்ளுவார். கொழுப்பு என்றால் நமக்குப் பயன்படாமலே காசைத் தின்கிற சமாச்சாரம். செப்டம்பரில் ஒரு வாரம் மலைக்குப் போக எந்த பாஸ் வாங்குவது என்பதுதான் எங்கள் லாங்கன்தால் ஊர் நடைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நடக்கிற ஒரே உருப்படியான விவாதம். தலைவர் தேர்தலில்கூட இவ்வளவு சூடு கிடையாது.

கேத்திக்கு எழுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. கட்டை உருவம், சிவந்த கன்னம், கடாமாட்டுத் தோள். கணவர் காலமான பிறகும் கறிக்கடையை விடவில்லை. கால் கிலோ கேட்டால் சற்று அதிகமாகவே வெட்டிவிட்டு, தராசைப் பார்த்தபடி, "கொஞ்சம் கூடப் போயிருச்சு, இருக்கட்டுமா?" என்பார். இங்கே எல்லாக் கறிக்கடைகளிலும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் கேத்தி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. சங்கத்தில் சேர்ந்த அன்றே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்; மேயரே சேர்ந்தாலும் நீதான். அதனால் கேத்தியிடம் திட்டு வாங்குவதிலும் யாருக்கும் சலுகை இல்லை.

பாஸ் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எல்லோர் பையிலும் இருக்கிற அரைக்கட்டண அட்டையே போதும். அடிவாரம் வரை ரயில், அதற்குமேல் கால். ஏறவே முடியாத செங்குத்துக்கு மட்டும் ரோப் கார், அதுவும் ஒருவழி டிக்கெட். "ஏறுறதுக்குக் காசு தர்றேன், சரி. இறங்குறதுக்கு எதுக்குத் தரணும்? கல்லு கூடச் சும்மாதானே உருண்டு இறங்குது?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் கனத்த சரீரம். வரிசையில் எப்போதும் கடைசி ஆள் நான்தான்.

கடைசியில் நடக்கிறவனுக்குத்தான் யார் காலில் என்ன தகராறு என்பது முதலில் தெரியும். முந்தின வருஷ நடையில் எர்வின் மோசர் கடைசி வரிசைக்கு என்னோடு வந்து சேர்ந்தார். கூரை வேய்கிற தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் கேத்திக்கு ஈடாக முன்னால் போனவர். அந்த முறை இறக்கத்தில் அடிக்கடி நின்று பூவைப் படம் எடுத்தார். பூவே இல்லாத இடத்திலும் எடுத்தார். "முட்டியா?" என்றேன். "உன் வேலையைப் பாரு," என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது யாரோ, "நீ மட்டும் நாளைக்கு ரோப் கார்ல இறங்கேன், நாங்க டிக்கெட் எடுத்துத் தர்றோம்," என்று நல்ல மனதோடு சொல்லப் போக, மனுஷர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

டிசம்பரில் என்னிடம், "அடுத்த தடவை நான் வரல. வீட்டுல கூரை வேலை கிடக்கு," என்றார். கூரையாவது மண்ணாவது. மனைவி போன பிறகு, அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிடுவது வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான். அதுவும் போய்விட்டால் மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மனசு கேட்காமல், செர்வெலா சாசேஜ் வாங்கப் போன இடத்தில் கேத்தியிடம் சொன்னேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "சொன்னாக் கேக்குற ஆளா அது?" என்று பொட்டலத்தை நீட்டினார்.

இந்த ஜனவரிக் கூட்டத்துக்கு எர்வினும் வந்து, ஒரு மூலையில் பியரோடு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிய கேத்தி, இருப்பதிலேயே கொழுத்ததை எடுத்து மேசை நடுவில் வைத்தார். ரயில், படகு, ரோப் கார், ஏற, இறங்க, எல்லாம் அடங்கிய ஒரு வார பாஸ். "இதுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

பொருளாளர் லோட்டி கெர்பர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இறங்குறதுக்குக் காசா? நீயா சொல்ற?"

"என் முட்டி போயிருச்சு," என்றார் கேத்தி.

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "கேத்திக்கு வயசாயிருச்சுப்பா." "சக்கர நாற்காலிக்குத் தனி பாஸ் இருக்கான்னு விசாரிங்க." "எங்களை எத்தனை மலையில உருட்டி விட்டே, இப்பத் தெரியுதா?" அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நடையில் யாராவது தன்னை முந்தினால் அன்றைக்குச் சோறு இறங்காத பிறவி அது. அன்று காலையில்தான் அரைப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைப் படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்ததை நான் பார்த்திருந்தேன். முட்டி போயிற்றாம். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"இவ்வளவு கொடுத்து வாங்கிட்டு, நடந்து இறங்கினா?" என்று மூலையிலிருந்து எர்வின் கேட்டார்.

"தண்டம்தான். ஒரு ரோப் காரைக்கூட விடக் கூடாது. போட்ட காசை ஓட்டி எடுத்துரணும்." அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்து, "கொஞ்சம் கூடப் போயிருச்சு, இருக்கட்டுமா?" என்றார்.

காசு கொடுத்து வாங்கிய பாஸை ஓட்டி எடுக்காமல் விடுவது எங்கள் ஊரில் பாவத்தோடு சேர்த்தி. முட்டி வலிக்கிறது என்று ரோப் காரில் இறங்கினால் அவமானம். பாஸ் வீணாகிறதே என்று இறங்கினால் கெட்டிக்காரத்தனம். கேத்தி அதைத்தான் பிடித்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எர்வினுடையது கடைசியாக உயர்ந்தது.

செப்டம்பரில் எர்வின் வந்தார். ஒரு ரோப் காரை விடவில்லை. மதியம் இறங்கியதிலேயே சாயங்காலம் இன்னொரு தடவை ஏறி இறங்கி, "இப்பத்தான் கணக்கு நேராச்சு," என்றார். ராத்திரி மேசையில் அவர் சத்தம்தான் பெரிய சத்தம். கேத்தி ஒரு வாரமும் விசுவாசமாக நொண்டினார். பக்கத்துப் பாதையில் ஜனங்கள் துள்ளி இறங்குவதை ரோப் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து, பெருமூச்சை விழுங்கிக்கொண்டார்.

கடைசி நாள் தூறல். உச்சி நிலையத்தில் ரோப் காருக்கு இறங்கும் படிக்கட்டில் எர்வின் நின்றுவிட்டார். கேத்தி வலது காலை நொண்டுவதைப் பார்த்தார்.

"நேத்து இடது முட்டியையில்ல பிடிச்சுக்கிட்டு இருந்தே?"

கேத்தியின் கை சட்டென்று இடது முட்டிக்குப் போயிற்று. எர்வின் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, மறுபடி கோபித்துக்கொண்டு போகப் போகிறார் என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. எர்வின் முழங்கையை மடித்து நீட்டினார்.

"பிடிச்சுக்க. படி ஈரமா இருக்கு."

கேத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை இரண்டு காலையுமே நொண்டியபடி இறங்கினார்.