ஷேடு அண்ணனின் முன்பல்

பெயின்ட் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் ஷேடு அண்ணன் விளக்கைப் போடுவதில்லை. வெளியே வந்து, யாரோ நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் கண்ணாடி முன் குனிந்து, மேலுதட்டை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, பெயின்ட் கம்பெனியின் வண்ண அட்டையை முன்பல்லோடு அழுத்தி வைத்துப் பார்க்கிறார்.

"டியூப்லைட் பொய் சொல்லும். வெயிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பது அவர் கொள்கை.

ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரர் சாவியோடு வந்து நின்றால் அவரிடம் அறிக்கை சமர்ப்பிக்கப்படுகிறது. "போன வருஷம் ஸ்மோக் கிரே. இன்னிக்கு பிஸ்கட் கலருக்கு வந்தாச்சு. ஏறிட்டிருக்கு சார்." ஆபீசுக்கு நேரமாகிவிட்ட அந்த மனிதர், யாருடைய எது ஏறுகிறது என்று புரியாமலே, "சந்தோஷம்" என்று சொல்லி வண்டியை எடுக்கிறார்.

அந்தப் பல் பிறவியிலேயே கறுத்ததல்ல. பெரிய பெயின்ட் வாளி ஒன்றின் மூடியை இரும்புப் பட்டையால் நெம்பும்போது பட்டை வழுக்கி வாயில் அடித்தது. பல் விழவில்லை, ஆடவும் இல்லை. கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுண்டி இழுத்தது. பிறகு ஒருநாள் வலி நின்றுவிட்டது. அன்று கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. ஆறிவிட்டதாக அவர் முடிவு செய்த செய்தி பல்லுக்கு மட்டும் எட்டவில்லை. அது ஈறோரத்திலிருந்து நிதானமாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியது.

அதில் போனது அழகல்ல, ஸ்டூல். கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த உயரமான மர ஸ்டூல். முக்கால் ஆயுளை அவர் அதன்மேல் கழித்திருந்தார். திரைச்சீலைத் துண்டோ உடைந்த ஓடோ எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், கண்ணைச் சுருக்கிப் பார்த்து அட்டையில் அதன் நிறத்தைத் தொட்டுக் காட்டுவார். அவருடைய சொந்தப் பெயரை மறந்து ஊரே அவரை ஷேடு அண்ணன் என்று அழைத்தது. ஒருநாள் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வெள்ளை பெயின்ட் கேட்டு வர்றவங்க உங்க வாயப் பாத்துட்டு யோசிக்கிறாங்க. பல்லு சரியாகுற வரைக்கும் உள்ள கலக்குற மிஷினப் பாத்துக்கங்க."

ஸ்டூலில் முதலாளியின் மச்சான் ஏறிக்கொண்டார். வானம், கடல், மயில் கழுத்து எல்லாவற்றுக்கும் 'நீலம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிக்கனமாகக் குடித்தனம் நடத்துபவர் அவர். ஷேடு அண்ணன் கலங்கவில்லை. 'சரியாகுற வரைக்கும்' என்றுதானே சொன்னார் முதலாளி? சரியாகிவிடும்.

மிஷின் அறைக்கு வரும் பெயின்டர்களிடம் அவர் பல்லியல் விளக்குவதுண்டு. "நகத்த வெட்டுனா வளருது. எலும்பு ஒடஞ்சா ஒட்டுது. பல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"என் தலைமுடியும் அதத்தாண்ணே யோசிச்சிட்டிருக்கு" என்று வழுக்கைத்தலைப் பெயின்டர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

"சிரிடா, சிரி. புதுச் செவுத்த நீ என்ன பண்ணுவ? ஆற விடுவியா, அன்னைக்கே பெயின்ட் அடிப்பியா? அவசரப்பட்டா பேத்துக்கிட்டு வரும்ல? பல்லும் செவுரும் ஒண்ணுதாண்டா."

வீட்டிலும் அதே வைத்தியம்தான். முதல் சில மாதங்கள் அவருடைய மனைவி தினமும் மல்லுக்கு நின்றாள். "பல் டாக்டருகிட்ட வரீங்களா, நான் கழுத்தப் புடிச்சு இழுத்துட்டுப் போகவா?" பிறகு கெஞ்சினாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. இப்போது தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. "வீட்டுல இப்பல்லாம் சண்டையே கெடையாது. தானா சரியாயிடுச்சு" என்று பெயின்டர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இந்த நல்ல காலத்தைக் கெடுத்தவர் மச்சான்தான். கம்பெனி ஆள் கொடுத்த புது அட்டையைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைத்தார். "அண்ணே, ரெண்டு பிஸ்கட்டையும் பாருங்க. தெனமும் உங்க எச்சியும் கட்டைவெரலும் பட்டுப் பட்டு உங்க அட்டைதான் கறுத்திருக்கு. பல்லு மேல ஏறலண்ணே, அட்டை கீழ எறங்கியிருக்கு."

ஷேடு அண்ணன் புது அட்டையோடு வெளியே போனார். ஸ்மோக் கிரேயைத் தாண்டி, பல் அட்டையை விட்டே இறங்கியிருந்தது. மறுநாள் பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் மல்லாந்திருந்தார்.

மருத்துவர் இளம்பெண். ஐஸ் போலக் குளிர்ந்த பஞ்சை முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார். ஷேடு அண்ணன் துள்ளி எழுந்தார். பிறகு முன்பல்லில் வைத்தார்.

"தெரியுதா சார்?"

"ஒண்ணுமே தெரியல மேடம்!" முதல் மார்க் வாங்கியவர் குரல். "இது கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துப் பல்லுதான் வீக்கு, அத முதல்ல கவனிங்க."

"அது உயிரோட இருக்கு, அதான் கூசுது. இது உள்ள நரம்பு செத்துப்போச்சு சார். வலி நின்னப்பவே செத்திருக்கும்."

"தானா சரியாகாதுங்களா?"

"மேல் பூச்சு லேசா அரிச்சிருந்தா எச்சில்ல இருக்கிற சத்தே கொஞ்சம் அடைக்கும். சின்ன அடின்னா நரம்புகூட சில சமயம் தேறிடும். செத்தது தேறாது. வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கணும். அப்புறம் உள்ளருந்தே வெளுக்க வைக்கலாம், இல்லன்னா மேல ஒரு உறை போடலாம்."

"ஈரச் செவுத்து மேல பெயின்ட் அடிக்கச் சொல்றீங்க."

"செவுரு காயும் சார். இது அழுகும். ஈறுல கொப்புளம் வந்திருக்கே, பாக்கலையா?"

அவர் பார்த்ததில்லை. அட்டையில் ஈறுக்கு இடம் கிடையாது. "ஒரு மாசம் பாத்துட்டு வரேன் மேடம்" என்று செருப்பை மாட்டினார்.

அந்த மாதம் முடிவதற்குள் மச்சான் ஒரு மாடிக் கட்டடம் முழுவதற்கும் தப்பான நீலத்தை விற்றுவிட்டார். மேஸ்திரி கடைவாசலில் நின்று போட்ட சத்தத்தில் முதலாளிக்கு ஷேடு அண்ணனின் அருமை விளங்கியது. அலமாரியிலிருந்து, பெயின்டர்கள் தூசுக்குக் கட்டும் முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதப் போட்டுக்கிட்டு உக்காருங்கண்ணே. பெயின்ட் கடைதானே, யாரு கேக்கப்போறா?"

ஷேடு அண்ணன் முகமூடியை மாட்டி, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். பல் மருத்துவரிடமிருந்து வந்த போனை எடுக்கவில்லை. சரக்கெடுக்க வந்த வழுக்கைத்தலைப் பெயின்டரைத் துணிக்குள்ளிருந்தே அதட்டினார்: "பாத்தியாடா? நான் அப்பவே சொல்லல? எல்லாம் தானா சரியாயிடும்னு!"

சில நாளில் அந்த முகமூடி மேலுதட்டுக்கு நேராக லேசாகப் புடைக்க ஆரம்பித்தது. கடையில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டிலும் அவர் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் ஸ்டூல் போய்விடும் என்பதுபோல அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

மனைவி அவரை, அந்தப் புடைப்பை, ஒருமுறை பார்த்தாள். உள்ளே போனாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஒரு ஸ்ட்ரா.

ஷேடு அண்ணன் முகமூடியின் கீழ்விளிம்பைக் கொஞ்சமாகத் தூக்கி, ஸ்ட்ராவை உள்ளே நுழைத்து, உறிஞ்சத் தொடங்கினார்.