என் நாவலில் ஓர் ஓட்டை

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். நாயகி கணவனை விட்டுப் போகவேண்டும். பெட்டியோடு கிளம்புகிறவள் அவன் கண்ணில் படாமல் எப்படிப் போவாள்? மூன்று மாதமாகக் கதை அங்கேயே நின்றது. ஒரு மாலை மனைவியிடம் புலம்பினேன்.

அவரைக்காய் நறுக்கியபடியே அவள் சொன்னாள்: "பெட்டி எதுக்கு? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்பல்லாம் ஒவ்வொரு சேலையா அக்கா வீட்ல கொண்டு வச்சிரணும். பொறவு ஒருநாள் வெறுங்கையோட போயிறலாம்."

"அம்புட்டு நாளும் புருஷன் கவனிக்க மாட்டானா?"

"அவிய எங்க கவனிக்கப் போறாவ?"

அவளும் வெள்ளிதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போகிறவள். அவள் அக்கா வீடும் அங்கே, மடவார் வளாகத்தில்தான்.

எழுந்துபோய் அவள் பீரோவைத் திறந்தேன். இரண்டே சேலைகள் இருந்தன.

கணவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.