வலக்காது வெட்டு

இசக்கிச்செல்விக்குப் பொறாமை உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை. கோவில்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே அதையும் திறந்துவிடுவாள். அத்தனையும் ஒரே ஆள் மேல்தான். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன் பாலகணேஷ், அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவன்.

இருவருமே ஆட்டு விலை சொல்லும் ஆப் வைத்திருந்தார்கள். அவளுடையது முந்தியது, பெயர் 'கிடை'. பசுவந்தனையில் ஆடு மேய்க்கும் அவள் அப்பா அழகிரிசாமிக்கு எழுத்து தெரியாது. அவர் கூட்டாளிகளில் பாதிப் பேருக்கும் தெரியாது. அதனால் ஐகானில் ஒரு கருப்பு ஆட்டுத் தலையை வரைந்து வைத்தாள். அதைத் தொட்டால் எட்டயபுரம் சந்தையின் அன்றைய விலையை அவள் குரலே சொல்லும். நானூறு பேர் வைத்திருந்தார்கள்.

ஆறு மாதம் பிந்தி வந்த பாலகணேஷ் ஆப்பை ஐயாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். அவன் ஐகானில் தங்க நிற ஆடு, தலையை வலப்பக்கம் திருப்பி, சோப்பு விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கும். அதன் பக்கத்தில் தன் ஆடு பஞ்சத்தில் அடிபட்டது போலிருக்கிறது என்று புலம்பினாள். ஜனங்களுக்குப் பழகினதை மாற்றாதே என்றேன். பொறாமைக்காரிக்குப் புத்தி சொன்னால் நாமும் அவள் எதிரி ஆகிவிடுவோம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குள் மாற்றிவிட்டாள். கருப்பைத் தங்க நிறமாக்கினாள். இடப்பக்கம் பார்த்த தலையை ஒரே தட்டில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலப்பக்கம் திருப்பினாள். ஸ்டோரில் மட்டும் மாற்றினால் போனில் மாறாதே என்று புது வெர்ஷனும் ஏற்றினாள். ஒரே வாரத்தில் நானூறு இருநூறானது. அப்போதும் அவளுக்குத் தன் ஆட்டின் மேல் சந்தேகம் வரவில்லை, பாலகணேஷ்தான் ஆள் வைத்துக் கலைக்கிறான் என்று பொருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அப்பா போனிலேயே ஆப் இல்லை.

"எடுத்துட்டேன்" என்றார் அழகிரிசாமி. "சிவனாண்டி ஆடு வந்து நின்னுச்சு. அவன் ஆட்ட நான் எதுக்குத் தொடுதேன்?"

அங்கே ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு உண்டு. இவர்களுக்கு இடக்காது. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி சிவனாண்டிக்கு அதே வெட்டு வலக்காதில். வீட்டு ஆட்டைப் பார்த்து வரைந்தவள் காதுவெட்டையும் சேர்த்தே வரைந்திருந்தாள். தலையைத் திருப்பினதும் வெட்டும் காது மாறிவிட்டது. மேய்க்கிறவர்கள் தங்க நிறத்தையா பார்ப்பார்கள்? காதைப் பார்த்தார்கள். செல்வி ஆப்பைச் சிவனாண்டிக்கு விற்றுவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு, அழகிரிசாமியை நம்பிப் போட்டவர்களெல்லாம் எடுத்துவிட்டார்கள். அழகிரிசாமியும் அதை நம்பித்தான் ஒரு வாரமாக மகளுக்குப் போன் பண்ணவில்லை.

என்னிடம் இதைச் சொல்லும்போது அழுதாள். வெர்ஷனைப் பின்னால் கொண்டுபோக வழியில்லை, அடுத்த நம்பர் போட்டுத்தான் பழைய ஆட்டை ஏற்ற வேண்டும். ஏற்றினாள், அப்பா போனில் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தாள். மற்றவர்களும் திரும்பினார்கள், எல்லாரும் இல்லை.

அந்த வாரமே பாலகணேஷிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எனக்கும் போட்டுக் காட்டினாள்.

"செல்வி, எங்க ஆப்ப எவனும் பத்து நாளைக்கு மேல வச்சிருக்க மாட்டேங்கான். உன் ஆட்டக் கண்டா மட்டும் 'எங்க ஆடு'ங்கான். உண்மையச் சொல்லுதேன், வயிறு எரியுது. அந்தக் காதுவெட்ட எங்க ஆட்டுக்கும் போட்டுத் தாயேன்."

இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள், அது ருசிக்காக. அப்புறம் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுப் பதில் பேசினாள்.

"மொதல்ல ஒரு ஆடு வாங்குங்க."