அவள் வாங்கிய உத்தரவு

மெரிலேண்ட்ஸில் ஒரு பழக் களஞ்சியத்தில் சம்பளம் போடுகிற வேலை எனக்கு. அன்று காலையில் தேத்தண்ணி ஆற முதலே குடும்ப வழக்குக் கோட்டிலிருந்து ஓர் உத்தரவு என் மேசைக்கு வந்தது. களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எங்கள் ஆள் ஒருவரைப் பற்றியது. அவருடைய மகள், பிரிந்துபோன மனைவியிடம் வளர்கிறாள். அந்தப் பிள்ளையின் ஹெல்த் இன்சூரன்ஸை இனி அவருடைய சம்பளத்தில் பிடித்து நாங்களே நேரே கட்ட வேண்டும். அவர் சம்மதிக்கத் தேவையில்லை. இதைச் சாட்டி அவரை வேலையால் நிற்பாட்டவும் கூடாது.

வாசிக்க வாசிக்க வயிறு எரிந்தது. அவருக்காக இல்லை, இந்த உத்தரவை வாங்கிய அவருடைய மனைவியை நினைத்துத்தான்.

பென்டில் ஹில் தமிழ்க் கடையில் அவளைக் கண்டால் சனம் முகத்தைத் திருப்பும். புருசனைக் கோட்டுக்கு இழுத்தவளாம். என்னைக் கண்டால் எல்லாரும் நின்று சுகம் விசாரிப்பார்கள். நானும் பிரிந்தவள்தான், ஆனால் பிள்ளையின் செலவு பற்றி மாமாமாரும் கோயில் ஆட்களும் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து, வடை சாப்பிட்டுப் பேசி முடித்தார்கள். "அதெல்லாம் உன்ர மனிசன் பாப்பார், பிள்ளை. கோடு கச்சேரி எங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். அவர் பார்த்த இலட்சணம், காது சரியாகக் கேளாத என் மகள் ஒப்பரேஷனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறாள்.

மத்தியானம் அந்த மனிசன் என்னிடம் வந்தார்.

"அக்கா, உந்த அலுவலைக் கொஞ்சம் இழுத்தடிக்க ஏலாதோ? அவள் அலுத்துப்போய் விட்டிடுவாள்."

சட்டப்படி ஏலாது. ஆனால் எனக்கு ஆசை வந்தது. அவளுடைய பிள்ளையும் கொஞ்ச நாள் வரிசையில் நிற்கட்டுமே!

நான் உத்தரவை மேசையில் ஒரு பக்கம் தள்ளி வைத்ததைக் கண்டு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நீங்களும் பிரிஞ்சுதானே இருக்கிறியள். கோட்டுப்படி ஏறினீங்களோ? அதுதான் குடும்பப் பொம்பிளை. உங்கட அவர் குடுத்துவைச்சவர்."

என்னைப் புகழ்ந்துவிட்டதாக நினைத்து வேறு சிரித்தார்.

"ஓம், அவர் குடுத்துவைச்சவர்தான்" என்றேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே உத்தரவைக் கம்ப்யூட்டரில் பதிந்தேன். "இந்தச் சம்பளத்திலயே பிடிபடும். போயிட்டு வாங்கோ."

பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். அங்கேயே நின்று ஒரு லோயருக்குப் போன் எடுத்தேன்.