கரைக்குக் கீழே வந்த செவ்வந்தி

எங்கள் குளத்துக் கரையில் ஓட்டை விழுந்தது. கரைக் காவலில் கண்ணைவிடக் காலுக்குத்தான் வேலை. ஈரம் அதற்குத்தான் முதலில் தெரியும்.

கன்னிவாடிப் பக்கம், படகு விடுவதற்கென்று திண்டுக்கல் ஓட்டல்காரர் ஒருவர் மண்கரை போட்டுக் கட்டிய சின்னக் குளம். நான் காவல். கரைக்குக் கீழே ஒரே வீடு, சகாயமேரி டீச்சருடையது. ஓய்வு பெற்றவர், தனி ஆள். அடுத்தவன் தண்ணீருக்குக் காவல் இருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சும்மா படியுங்கள்.

கலங்கல்

மண்கரை என்றால் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. கரையடியில் புல்லுக்கு நடுவே டீ நிறத்தில் நீர் கொப்பளித்தது. விரலை வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ ஊதுகிற மாதிரி விட்டு விட்டுத் தள்ளியது.

படகோட்டி முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோயில் வாசலில் நிற்பவன்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "இது மூச்சு விடுதுண்ணே," என்றான்.

செவ்வந்தி

வெள்ளிக்கிழமைதோறும் படகுகளுக்குச் செவ்வந்தி மாலை போடுவோம். பழைய மாலை குளத்துக்குள் போகும். அந்த வாரம் தண்ணீரில் போட்ட மாலை கரையோரம் மிதந்து வந்து நின்றது. காற்றில்லை. நின்ற இடத்திலேயே ஒருமுறை சுற்றி, முழுகிப்போனது.

ரெண்டு நாளில் டீச்சர் ஒரு சொம்போடு வந்தார். அவர் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், புதுசாக ஊற்றுக் கிளம்பியிருக்கிறதாம். சொம்பில் கலங்கல் தண்ணீர். மேலே மஞ்சள் இதழ்கள்.

"எங்க வீட்டுல பூவே வாங்குறதில்லண்ணே. மண்ணுக்குள்ள இருந்து யாரு எனக்குப் பூப் போடுறா?"

பனங்கட்டை

எனக்குப் புரிந்துவிட்டது. கரை போடும்போது வரப்பில் வரிசையாக நின்ற பனைகளை வெட்டினார்கள். அடிக்கட்டையைத் தோண்டவில்லை, அதன்மேலேயே மண்ணைக் கொட்டினார்கள். கட்டையும் வேரும் மக்கினால் மண்ணுக்குள் குழாய்தான். அந்த வரப்பு நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போகும். கரை போனால் முதலில் போவது அந்த வீடு.

முதலாளியிடம் சொன்னேன். டீச்சரை வடமதுரையில் மகள் வீட்டுக்குப் போகச் சொல்லி ஆள் விட்டார். டீச்சர் அசையவில்லை. தண்ணீரையாவது இறக்கச் சொன்னேன் முதலாளியிடம்.

"பெரியவரே, தண்ணியத் தொறந்துட்டா ஞாயித்துக்கெழம படக ரோட்டுலயா விடுறது?" என்றார்.

சாப்பாடு

டீச்சர் முதலாளியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பேசிச் சரிக்கட்டலாம் என்று அவரும் வந்தார். தரையில் இலை போட்டு மீன் குழம்பு. நான் வாசலில் நின்றேன்.

ரெண்டாம் சோற்றில் முதலாளி கை நின்றது. தரைக்கு அடியில் ஒரு சத்தம். தாகத்தில் இருப்பவன் சொம்பைத் தூக்கிக் குடிப்பதுபோல, மடக், மடக். நிற்கும், மறுபடி கேட்கும். இலையில் குழம்பு லேசாக நடுங்கியது. வெளியே ஒரு இலை அசையவில்லை.

"டீச்சர்... கீழ யாரு இருக்கா?" என்றார்.

டீச்சர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உங்க தண்ணிதான் தம்பி. இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?"

மதகு

எச்சில் கையோடு முதலாளி மதகுக்கு ஓடினார். முழுசாகத் திறக்கப் போனவர் கையைப் பிடித்தேன். ஒரேயடியாகத் தண்ணீர் இறங்கினால் நனைந்த கரை சரிந்துவிடும். கொஞ்சங் கொஞ்சமாக இறக்கினோம். பிறகு கரையை வெட்டி, கட்டைகளைப் பிடுங்கி, களிமண் போட்டு இடித்து இறுக்கினோம்.

நடுக்கட்டை உள்ளே வெறும் கூடு. அதற்குள் மாலையின் நார், பூ ஒன்றுகூட இல்லாமல், யாரோ சுற்றி வைத்த மாதிரி இருந்தது. முருகேசன் அதைத் தொடவில்லை.

"பூவ மட்டும் டீச்சருக்குக் குடுத்துட்டு நார வச்சுக்கிருச்சு பாத்தீங்களா," என்றான்.

கரையைச் சுற்றிச் சுற்றிக் கால் தேய்ந்தது எனக்கு. ஒரு இலை சோற்றைப் போட்டுக் கரையைச் சரியாக்கியது சகாயமேரி டீச்சர்.