கரி பூசிய வாரம்

எங்கள் வீட்டு மாடியில் இருந்த மெத்தை அறையில் குடியிருந்த ஒரு மனிதரை, அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையின்போது நடுத்தெருவில் நிறுத்தி, தோலின் கறுப்பு போகிறதா என்று தேய்த்துப் பார்த்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். சின்னப் பிள்ளை செய்ததுதானே என்று யாராவது சொன்னால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

அவர் கென்யாவிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கத் திருப்பதிக்கு வந்தவர். ஊரில் பலர் அறை தர மறுத்த பிறகு என் அப்பா மெத்தை அறையைக் கொடுத்தார். தெலுங்கைக் கல்லூரியிலும் தமிழை எங்கள் சமையலறை வாசலிலும் அவர் கற்றுக்கொண்டார். சந்திரகிரிப் பக்கத்துக் கிராமங்களில் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் ஆசிரியரோடு இவரும் போவார். திரும்பி வந்து கிணற்றடியில் தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். நான் தண்ணீர் இறைத்து ஊற்றுவேன். அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அதற்காகத் தெருப்பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஜாத்திரை வாரத்தில் நாளுக்கொரு வேஷம். உடம்பெல்லாம் கரி பூசிக்கொள்ளும் நாளும் உண்டு. வேஷம் கட்டியவன் எதிரே வருகிறவரை வாய்க்கு வந்தபடி வையலாம். வசவு அம்மனுக்குப் பிரியம் என்று நம்பிக்கை. கரி பூசும் நாளுக்கு முந்தின மாலை அண்ணாவுக்கு இதையெல்லாம் விளக்கியவனும் நான்தான்.

"யாரு என்னா திட்டுனாலும் கோச்சிக்கக் கூடாதுண்ணா. கோச்சிக்கினா ஆத்தாவுக்கு ஆகாது."

"சரி, கோச்சிக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் நாங்கள் ஒரு கும்பலாகக் கரி பூசி, வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்தோம். அண்ணா ஒரு கையில் பித்தளைச் சொம்போடு கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டு வந்தார்.

"டேய், உங்க மெத்த ஊட்டு அண்ணன் வந்துகினு கீறாருடா! நம்மளவிட நல்லா பூசிக்கினு கீறாரு!" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்புமுன் நான் முந்திக்கொண்டேன்.

"எவண்டா அண்ணன்? கரிதாண்டா அது. தேய்ச்சா போயிடும்!"

ஈரத் துண்டால் அவர் முன்கையைத் தேய்த்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதுவும் சடங்கு என்று நினைத்து நீட்டியே கொடுத்தார். பிறகு பெரிய ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் தேங்காய் நார் கொண்டுவந்தான். "போவலியே, இன்னும் அழுத்துடா!" அண்ணா என்னையே பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது. மற்றக் கையிலிருந்த சொம்பை மட்டும் சிந்தாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

வீட்டில் அம்மா சொம்பை வாங்கிப் பார்த்தாள். "மோரு அப்படியே கீதே! வெயில்ல புள்ள சுருண்டுடப் போறான்னுதானே உங்ககிட்ட குடுத்தனுப்பிச்சேன்? அவன் கண்ணுல படலியா?"

அதன் பிறகுதான் அவர் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. நான் கிணற்றடித் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்பா தேங்காய் எண்ணெயோடு வந்தார். "ஜாத்திரைல இதெல்லாம் சகஜம், சார். மனசுல வெச்சிக்காதீங்க."

"கோச்சிக்கல" என்றார் அண்ணா. "கோச்சிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

அந்த வாரமே அறையைக் காலி செய்தார். படிப்பின் கடைசி வருடத்தை ஒரு மாட்டுப் பண்ணையின் பின்கட்டில் கழித்தார் என்று கேள்விப்பட்டோம். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

அவர் கனடா போய், அங்கே ஒரு பெரிய கால்நடை மருத்துவமனைக்குத் தலைவரானார். சென்ற வருடம் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் இப்போது நான் இருக்கும் சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளில் இருப்பதாக மேடையில் சொன்னார்கள். எனக்கு அவருடைய முழுக்கைச் சட்டை மட்டுமே தெரிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் எதிரே நின்று, இன்னார் மகன் என்றேன். அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். இருவரும் இல்லை என்றேன். பிறகு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வராமல், "முதல்ல தேய்ச்சது நான்தான். என்னை மன்னிச்சிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டுத் தமிழ் இன்னும் அவர் வாயில் இருந்தது.

"நீ சொல்லிக் குடுத்தது எனக்கு ரொம்ப உதவிச்சி, தம்பி. வேலைக்குப் பேட்டின்னு போன எடத்துல கதவத் தெறந்தவன் மூஞ்சி மாறுனா, மாட்டுக்காரன் வேற டாக்டர அனுப்புன்னு கத்துனா, இது ஜாத்திரை, கோச்சிக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கினு வேலையப் பாத்தேன். தலைவராகி உக்காந்த அன்னிக்கும் அதையேதான் நெனச்சிக்கினேன்."

என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

"ஆனா ஒண்ணு நீ சொல்லவேயில்ல. ஜாத்திரை எப்போ முடியும்?"

கேலியாகக் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றார். பத்து வயதில் எல்லாம் தெரிந்தவன்போல அவருக்கு விளக்கிய நான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.