மணிக்கோபுரம் ஏற அவசரம்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, எங்கள் ஒருநாள் சுற்றுலாப் பட்டியலிலிருந்து ஒரு வரியை அழித்தது. ‘பேராலய மணிக்கோபுரம், நாற்பது நிமிடம்.’ பல்கூடத் துலக்கவில்லை. அழித்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தபோது டிரைவர் முருகேசண்ணன் கூப்பிட்டார்.

“அம்மிணி, நம்ம வேலம்மாக்கா போயிருச்சுங்களாமா. தூக்கத்துலயேங்க.”

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும், போனைப் பிடித்தபடி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, கஞ்சிக்கோட்டைத் தாண்டிப் பாலக்காட்டுக்கு வரும் எங்கள் பஸ்ஸில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு வேலம்மாள் அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கல்யாணமாகிப் பாலக்காட்டுக்கு வந்து எங்கள் நிறுவனத்தில் வழிகாட்டியானார். நான் அதே பஸ்ஸில் நேரம் பார்ப்பவள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், எப்போது ஹாரன் அடிப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு.

கோபுரத்தின் அடியில் பயணிகளைத் தலை எண்ணுவதை அக்கா ‘மஸ்டர்’ என்பார். தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்கு அதுதான் பெயர். “மஸ்டர் முடிஞ்சாச்சு, ஏறுங்க!” என்று அவர் குரல் கொடுத்தால், ஓய்வுபெற்ற நீதிபதியானாலும் வரிசையில்தான் ஏற வேண்டும்.

அந்தக் கோபுர வாசலில் உள்ள தமிழ்ப் பலகை என் கைவண்ணம். பேராலயத்தில் கேட்டுக்கொண்டதால், அங்கிருந்த மலையாளப் பலகையைப் பார்த்துத் தமிழில் நான் எழுதிக்கொடுத்தேன். கல்லூரி வரை மலையாளத்தில் படித்தவள் நான். ‘அவசரம்’ என்றால் மலையாளத்தில் வாய்ப்பு. அதை அப்படியே வைத்து, ‘மணிக்கோபுரம் ஏற அவசரம், மாலை மூன்று முதல் ஐந்து வரை’ என்று எழுதிவிட்டேன். முதல் வாரமே ஒரு கோயம்புத்தூர்க்காரர் அதன் முன்னால் நின்று கேட்டார்.

“ஏனுங்க, அப்பிடி என்னங்க அவசரம்? பாத்ரூம் மேலயா இருக்குது?”

அக்கா சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கூனிக்குறுகி, பெயின்ட் வாங்கக் கிளம்பினேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கெடக்கட்டும் பிள்ள. சிரிச்சிக்கிட்டே ஏறுனா படி தெரியாது.”

பலகை இன்றும் அப்படியே இருக்கிறது.

நான் மேலே ஏறியது ஒரே ஒரு முறை. அதுவும் அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு ஏறியதால், பின்னாலேயே ஓடினேன். குறுகலான சுழல்படி, கடைசியில் மரஏணி. பெரிய மணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. கீழே ஓட்டுக்கூரைகள், கோட்டையின் பச்சை, ரயில் பாதை, கிழக்கே கஞ்சிக்கோட்டுப் புகைபோக்கிகள், அவற்றுக்குப் பின்னால் மலை. அக்கா இவற்றில் எதையும் முதலில் காட்டமாட்டார்.

“எல்லாரும் மொதல்ல நம்ம பஸ் எங்க நிக்குன்னு தேடுங்க. எறங்குன எடத்தக் கண்டாத்தான் மத்ததுல கண்ணு போவும்.”

பஸ்ஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

“தெனமும் இங்கனருந்து ஒன்னயப் பாக்கேன். பஸ்ஸச் சுத்திச் சுத்தி வார, செக்கு மாடு கணக்கா. அப்பிடி எங்கதாம்ட்டி போகணும் ஒனக்கு?”

“நேரமாச்சுங்க்கா” என்றேன். போனை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அடுத்த இடமான அணைக்கட்டுக்கு பஸ் தாமதமாகப் போகிறது, எந்த இடத்தைக் குறைக்கலாம் என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மணிக்கோபுரம்” என்றேன். வயதானவர்கள் ஏறுவதில்லை, நேரம் வீண் என்று காரணமும் சொன்னேன். அக்கா இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, டீக்கடையில் என்னிடம் கேட்டார்.

“கோபுரத்த எடுக்கப் போறாவளாம்லா? ஒனக்கு எதுவும் தெரியுமா?”

“எனக்குத் தெரியாதுங்க்கா.”

“அதான பாத்தேன். நீ இருக்கையில எடுக்க விடுவியா?” என்று சொல்லி, தன் வடையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். நான் அதைத் தின்றேன்.

இறுதிச் சடங்குக்கு வந்த டிரைவர்கள் வாசலில் நின்று முதலாளியைத் திட்டினார்கள். “அந்தக் கோபுரத்த எடுக்கறானாமா, அக்காளுக்கு அதே கவலைங்க” என்றார் முருகேசண்ணன். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அக்காவை அறிந்தவர்களே, அது முதலாளியின் யோசனை அல்ல. என்னுடையது. அவர் கேட்டபோது நான் சொன்னது பொய்.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியிருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். எங்கே போய் நின்றாலும், இறங்கிய இடத்தைக் கண் முதலில் தேடுகிறது. கண்டுபிடித்த பிறகும் என் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதை அவராலும் மாற்ற முடியவில்லை.

அழித்த வரியைத் திரும்ப எழுதிவிட்டேன், ஐம்பது நிமிடம் என்று. பட்டியல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை போனை முருகேசண்ணனிடம் கொடுத்துவிட்டு, மஸ்டர் எடுத்து, பயணிகளைக் கோபுரத்துக்கு நானே கூட்டிப் போகப்போகிறேன். முதலாளியிடமோ முருகேசண்ணனிடமோ வேறு யாரிடமோ இதை இன்னும் சொல்லவில்லை.